அம்மாவின் பெயருக்கு ஓர் இடம்



தை பிறந்துவிட்டால் எங்கள் அலுவலகத்துக்குத் தபாலோடு கல்யாணப் பத்திரிகைகளும் வந்து சேரும். இப்போது அவற்றில் பாதி கைப்பேசிக்குத்தான் வருகின்றன. கூடவே வாசகிகளிடமிருந்து ஒரே மாதிரியான கடிதங்களும் வருகின்றன: "வீட்டிலிருந்தே டிஜிட்டல் அழைப்பிதழ் செய்து ஆன்லைனில் விற்கலாம் என்றிருக்கிறேன். சரிப்பட்டு வருமா?"

வரும். என்ன விற்கப்போகிறீர்கள் என்பது மட்டும் முதலிலேயே தெளிவாக இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் ஓடும் முறை ஒன்று உண்டு. எட்ஸி போன்ற இணையச் சந்தையில் ஒரு வடிவத்தைப் பட்டியலிட 20 சென்ட் கட்டணம். அது 4 மாதம் கடையில் நிற்கும். விற்றால் விலையில் 6.5 சதவீதம் சந்தைக்காரருக்கு. பணம் பெறுவதற்கான கட்டணம் தனி. வாங்கியவருக்கு ஒரு பிடிஎஃப் இறங்கும், அதற்குள் கேன்வா என்ற வடிவமைப்புத் தளத்தின் இணைப்பு இருக்கும். அதைத் திறந்து பெயரையும் தேதியையும் அவரே மாற்றிக்கொள்வார். ஒருமுறை வரைந்ததைப் பலமுறை விற்கலாம்.

நம் வீடுகளில் இது அப்படியே நடக்காது. நம் பத்திரிகை நாலு வரியில் முடிவதில்லை. தாத்தா பாட்டி பெயரில் தொடங்கி, பெரியப்பா, தாய்மாமன், படிப்பு, ஊர், இனிஷியல் என்று போகும். வாடிக்கையாளர் அக்காவின் பழைய பத்திரிகையைப் படம் பிடித்து, ஒரு தாளில் பெயர்களை எழுதி, வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதே மாதிரி போட்டுக் குடுங்க" என்பார். ஆகவே உங்கள் கடையில் பூ வேலைப்பாட்டோடு சேர்ந்து விலைபோவது உங்கள் தட்டச்சும், பிழை பார்க்கும் பொறுமையும்தான். அதற்கும் சேர்த்து விலை சொல்லுங்கள். இரண்டு முறை திருத்தம் இலவசம், அதற்கு மேல் தனிக் கட்டணம் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். இறுதி வடிவத்தைப் பார்த்து "சரி" என்று அவர்கள் எழுத்தில் சொன்ன பிறகே கோப்பைக் கொடுங்கள்.

முன்பெல்லாம் சிவகாசியிலிருந்து அச்சான அட்டைகள் வரும். உள்ளூர் அச்சகத்தில் வாசகத்தைக் கோத்து அச்சிடுவார்கள். எங்கள் ஊர் அச்சகத்தில் கம்போசிங் செய்தவருக்கு எந்த வீட்டில் யார் பெயர் முதலில் வரும், 'செல்வன்' எங்கே, 'திருவளர்ச்செல்வன்' எங்கே என்பதெல்லாம் மனப்பாடம். லக்னம் போடாமல் தலைமை தாங்குபவர் பெயரும் வாழ்த்துரைப்போர் பெயரும் போடும் சுயமரியாதைத் திருமணப் பத்திரிகை அவருக்குத் தெரியும். அண்ணா ஆட்சிக் காலத்தில் சட்ட ஏற்புப் பெற்ற திருமண முறை அது. தேவாலயத் திருமணத்துக்கும் நிக்காஹ்வுக்கும் வாசகம் எப்படி மாறும் என்பதும் தெரியும். இனி அந்த அறிவு உங்களுக்கு வேண்டும். தமிழ் வருடப் பெயர் ஒன்று போதும், உதாரணத்துக்கு. 2025 ஏப்ரல் 14-இல் தொடங்கியது விசுவாவசு. 2026 ஏப்ரல் 14-இல் தொடங்குவது பராபவ. பங்குனியில் பத்திரிகை கேட்பவருக்கு முகூர்த்தம் வைகாசியில் என்றால் வருடத்தின் பெயரும் மாறும். பழைய வடிவத்தில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பினால் ஊர் முழுக்கத் தப்பான பத்திரிகை போய்விடும்.

எழுத்துருவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழை உடைத்துப்போட்ட அழைப்பிதழைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது. ஃபோட்டோஷாப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் தட்டினால் 'கொ'வின் கொம்பு இடம் மாறி நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றினால் சில எழுத்துகள் சிதறும். வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும். கூகுள் எழுத்துருத் தொகுப்பில் பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரான், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் பவனம், கவிவனார் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. வணிக வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். கவிவனார் சாய்ந்த கையெழுத்துப் போல இருக்கும். மணமக்கள் பெயருக்கு அத்தனை பொருத்தம். எங்கிருந்தோ இறக்கிய, 'சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று போட்ட எழுத்துருவைக் கடைக்குக் கொண்டுவராதீர்கள். காலண்டர் பிள்ளையார் படத்துக்கும், வீடியோ அழைப்பிதழில் ஓடும் சினிமாப் பாட்டுக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள்.

கைப்பேசிக்கு 1080க்கு 1920 புள்ளிகள் அளவில் நெட்டுவாக்கில் ஒரு படம் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும் என்பதால் பிடிஎஃப் ஒன்றும் சேர்த்துக் கொடுங்கள். எத்தனை டிஜிட்டல் வந்தாலும் குலதெய்வத்தின் முன் வைக்கவும், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு நீட்டவும் ஐம்பது அச்சுப் பிரதியாவது வேண்டியிருக்கிறது. அதற்கு 300 டிபிஐ தரத்தில் அச்சுக்கான கோப்பும் தரும் கடைக்கே மறுபடி வருவார்கள். இன்னொன்று: கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே என்ற செயலிக் கோப்பை அனுப்பிக் கைப்பேசியில் உள்ளதைத் திருடும் மோசடி நடக்கிறது. 2024-இல் இமாச்சலப் பிரதேசக் காவல்துறை இதைப் பற்றி எச்சரித்தது. படம், பிடிஎஃப், வீடியோ தவிர வேறு வடிவில் எங்கள் கடையிலிருந்து எதுவும் வராது என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவையுங்கள்.

இனி, இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

என் கல்யாணம் 1994-இல். அப்பா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெரியப்பா பெயரில் பத்திரிகை அடித்தார்கள். 'காலஞ்சென்ற' என்று போட்டு அப்பா பெயர், அடுத்த வரியில் 'அவர்களின் புதல்வி' என்று என் பெயர். அம்மா பெயர் எங்கேயும் இல்லை. அச்சகத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை, வீட்டிலும் கேட்கவில்லை. கட்டு வந்து இறங்கியதும் மஞ்சள் தடவ அத்தையை உட்கார வைத்தார்கள். அம்மாவுக்கு உறைகளில் முகவரி எழுதும் வேலை. அவருக்கு முத்து முத்தான கையெழுத்து. நானூறு உறைகள். எல்லா வீட்டுக்கும் அம்மாவின் எழுத்து போனது, பெயர் போகவில்லை. நான் இருபத்து மூன்று வயதுப் பெண். பக்கத்தில் உட்கார்ந்து உறைகளை ஒட்டிக்கொண்டிருந்தேனே தவிர, ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அதே வழக்கம் இன்று டிஜிட்டலுக்கும் வந்துவிட்டது. சென்ற மாதம் ஓர் ஆன்லைன் கடையின் படிவத்தை நிரப்பிப் பார்த்தேன். தந்தை பெயரை எழுதாமல் அடுத்த பக்கம் போக முடியவில்லை. தாய் பெயருக்கு 'விரும்பினால்' என்று போட்டிருந்தது. தந்தை காலமானவர் என்று குறித்ததும் தாய் பெயருக்கான கட்டமே மறைந்துபோனது. வடிவமைத்தவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. பழைய பத்திரிகை ஒன்றைப் பார்த்து அப்படியே செய்திருப்பார். அச்சுக் கோத்தவர் ஒரு பத்திரிகையில் செய்த தவறு அந்த ஒரு கல்யாணத்தோடு போயிற்று. உங்கள் படிவத்தில் இருக்கும் தவறு அதை வாங்கும் எல்லா வீடுகளுக்கும் போகும். திருத்துவதும் அதே அளவுக்கு எளிது. ஒரு கட்டத்தைத் திறந்துவைத்தால் போதும்.

கடை தொடங்கப்போகும் வாசகிகளிடம் இதை உரிமையோடு கேட்கிறேன். கணவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிரிந்து வாழ்ந்தாலும், அம்மாவின் பெயருக்கு உங்கள் படிவத்தில் இடம் வையுங்கள். வாடிக்கையாளர் அதைக் காலியாக விட்டால், ஒருமுறை கேளுங்கள்: "அம்மா பேரு என்னங்க?"

அன்புடன்,
ஆசிரியர்