எட்டாம் இடம் உணர்த்துவது

பொறியாளர்களின் பதவி உயர்வு பற்றிய விவாதங்களில், கூகுள் நிறுவனம் 2008இல் தொடங்கிய ‘புராஜெக்ட் ஆக்சிஜன்’ என்னும் ஆய்வு அடிக்கடி சான்றாகக் காட்டப்படுகிறது. மேலாளர்கள் தேவைதானா என்ற ஐயம் பொறியாளர்களிடையே வலுத்திருந்த அந்நிறுவனம், பணி மதிப்பீடுகளையும் ஊழியர் கருத்துகளையும் நேர்காணல்களையும் ஆராய்ந்து, நல்ல மேலாளரின் எட்டு இயல்புகளை வரிசைப்படுத்தியபோது, ஊழியர்களைப் பயிற்றுவித்து வளர்க்கும் பண்பு முதலிடம் பெற, தொழில்நுட்பத் திறன் எட்டாவதாக நின்றது. பேச்சு, எழுத்து, பிறரோடு இசைந்து பணியாற்றுதல் முதலிய மென்திறன்களே ஒருவரை உயர்த்தும் என்று கற்பிப்போர்க்கு இவ்வரிசை வாய்ப்பாகப் போயிற்று.

அவ்வாறு பொருள்கொள்வது பிழை. கடுமையான தொழில்நுட்ப நேர்காணல்களில் தேறியவர்களே நிறைந்திருக்கும் ஓரிடத்தில், அத்திறனில் பெரிய ஏற்றத்தாழ்வு இராது. எனவே மேலாளர்களை வேறுபடுத்திக் காட்டுபவை பெரும்பாலும் எஞ்சிய பண்புகளாகவே அமையும். புள்ளியியலில் இது வீச்சுக் குறுக்கம் எனப்படும். எல்லோரும் நெட்டையராக உள்ள கூடைப்பந்து அணியில் உயரத்துக்கும் ஆட்டத்துக்கும் உள்ள தொடர்பு மெலிந்து தோன்றுவதைக் கொண்டு, உயரம் வேண்டியதில்லை என்று எவரும் முடிவு செய்வதில்லை. மேலும், அந்த ஆய்வு ஆராய்ந்தது மேலாளர்களை மட்டுமே; பொறியாளர்களின் பதவி உயர்வை அன்று.

மென்திறன் தேவையற்றது என்பது இதன் பொருளன்று. கூகுளிலேயே நெடுங்காலம், நேரடி மேலாளருக்கு அப்பாற்பட்ட மூத்த பொறியாளர் குழுக்கள், பணியைப் பற்றி எழுதப்பட்டவற்றையும் சக ஊழியர்களின் கருத்துகளையும் படித்தே பதவி உயர்வை முடிவு செய்தன. தம் பணியின் பயனைத் தெளிவாக எழுத இயலாதவர் அங்கே பின்தங்குவது இயல்பு. ஒரு வடிவமைப்பு ஏன் பாதுகாப்பற்றது என்பதைப் பிறர் ஏற்கும்படி விளக்குவதும் பொறியியலின் பகுதியே. ஆனால் பல அலுவலகங்களில் மென்திறன் என்ற பெயரில் அளக்கப்படுபவை சரளமான ஆங்கிலமும், கூட்டங்களில் தயங்காது ஒலிக்கும் குரலும், மேலிடத்து நெருக்கமுமே. தமிழ்வழியில் பயின்று பொறியியலுக்கு வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இதனால் இழப்பது சிறிதன்று. இது அநீதி என்றே சொல்ல வேண்டும்.

இதற்கு ஒரு மாற்றாக, ஆட்களை மேற்பார்வையிடாமலேயே தொழில்நுட்பத்தில் மேலே செல்லும் தனிப் பாதையும் உண்டு; மேலாண்மைப் பாதையோடு சேர்த்து இவ்வமைப்பை இரட்டை ஏணி என்பர். ஐபிஎம் 1960களின் தொடக்கத்தில் ‘ஃபெல்லோ’ என்ற உயர்நிலையை ஏற்படுத்தியதும், ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ஜான் பேக்கஸ் அந்நிலையை அடைந்ததும் இதற்குத் தக்க சான்று. ஊதியமும் முடிவெடுக்கும் உரிமையும் இரு ஏணிகளிலும் ஒத்திருந்தால்தான் இது பயன்தரும். இல்லையேல் தேர்ந்த வடிவமைப்பாளர் விருப்பமின்றியே மேலாளராகிவிடுவார். இரு ஏணிகளும் ஒத்து அமையும்வரை, மதிப்பீட்டுக் குழுக்கள் ஒருவரின் பேச்சுத் திறனை எடைபோடுமுன், அவர் எழுதிய வடிவமைப்பு ஆவணங்களையும் பழுது ஆய்வறிக்கைகளையும், அவரிடம் கற்ற இளையோரின் பணியையும் எடுத்துப் படிக்கலாம். அதற்குப் புதிய விதி எதுவும் தேவையில்லை.