ஆளைத் தேடிப் போகாமல் எச்.ஐ.வி குறையாது

எச்.ஐ.வி பற்றிக் கொஞ்சம் நீளமா எழுதுறேன் மக்களே. பொறுமையா படிங்க.

"அதெல்லாம் பழைய கதை டாக்டர், இப்ப யாருக்கு எய்ட்ஸ் வருது?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கு. 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளைப் பரிசோதித்தபோது 100 பேரில் ஒருவருக்கும் மேல் தொற்று இருந்தது. இன்று அது 500-க்கு ஒருவரையும் விடக் குறைவு. சாதாரண சாதனை இல்லை.

ஆனா அது எப்படி நடந்ததுன்னு நாம மறந்துட்டோம். மறந்ததுதான் இன்றைய பிரச்சனை.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரி எடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி-யில் சோதித்தபோது ஆறு பேருக்குத் தொற்று உறுதியானது. இந்தியாவின் முதல் கண்டுபிடிப்பு அது. கவனிங்க, அந்தப் பெண்கள் ஆஸ்பத்திரியைத் தேடி வரவில்லை. மருத்துவர்கள்தான் அவர்களைத் தேடிப் போனார்கள்.

1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. அதன் பிறகும் இதே வழிதான். லாரி ஸ்டாண்டுக்கும் லாட்ஜுக்கும் பேருந்து நிலையத்துக்கும் ஆணுறையோடு போனவர்களில் பலர் அதே சமூகத்தைச் சேர்ந்த களப்பணியாளர்கள். பாலியல் தொழிலாளரிடம் பேசியது இன்னொரு பாலியல் தொழிலாளர், திருநங்கையிடம் பேசியது இன்னொரு திருநங்கை. 2004 ஏப்ரல் 1 முதல் தாம்பரம் சானடோரியம் உட்படச் சில அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியது. தேடிப் போன கால்களும் இலவச மாத்திரையும் சேர்ந்துதான் வேலை செய்தன.

இப்போ நிலைமை என்ன?

இந்தியாவில் வயது வந்தவர்களில் தொற்று சுமார் 0.2 சதவீதம். ஆனா தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2021 கண்காணிப்புக் கணக்கில் ஊசி மூலம் போதை எடுப்பவர்களில் அது சுமார் 9 சதவீதம். திருநங்கைகளிலும், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிலும் 3 முதல் 4 சதவீதம். பெண் பாலியல் தொழிலாளர்களில் 2-ஐ ஒட்டி. பொதுச் சராசரி இறங்கிடுச்சுன்னு நாம நிம்மதியா இருக்கோம். நெருப்பு அணையலை, சில தெருக்களுக்குள்ள ஒடுங்கி எரியுது.

அந்தத் தெருவும் இடம் மாறிடுச்சு. முன்னே லாட்ஜும் பார்க்கும். இப்போ செல்போன் செயலி. பேருந்து நிலையத்தில் நிற்கும் களப்பணியாளரின் கண்ணில் இவர்கள் படவே மாட்டார்கள்.

ஒரு உதாரணம் யோசிங்க. எங்க அம்பகரத்தூரிலிருந்து 24 வயசுப் பையன் சென்னைக்கு வேலைக்குப் போறான். அறையில் நாலு பேர். அவனுக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு, அறைத் தோழர்களுக்குத் தெரியாது. செயலியில் பழக்கம், உறவு. பரிசோதனை செய்யணும்னு தோணுது. நம்பிக்கை மையம் திறந்திருக்கும் நேரமும் இவன் வேலை நேரமும் ஒன்று. லீவ் போட்டால் சம்பளம் போச்சு. திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது பார்க்கலாம்னா, உள்ளூர் ஆஸ்பத்திரி வரிசையில் மாமாவோ எதிர்வீட்டு அண்ணனோ நிற்பார். பேரளம் பக்கம் கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு. நிர்வாகம் வேறு, எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வேறு. எங்கே போவது, யாரைக் கேட்பது? தள்ளிப் போடுறான். இரண்டு வருஷம் கழித்து காசநோயோடு படுத்த பிறகு தெரிய வருது. அதுக்குள்ள வீட்டில் கல்யாணமும் முடிச்சு வெச்சிருப்பாங்க.

இதில் மருந்து இல்லாத குறை எங்கேயாவது இருக்கா? இல்லை. தினம் ஒரு மாத்திரை, இலவசம். 2017 முதல் தொற்று உறுதியானாலே, எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும், சிகிச்சை தொடங்கலாம். ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அது அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது. பெரிய ஆய்வுகளில் உறுதியான விஷயம் இது. குறை வாசலில் இருக்கு, மருந்தில் இல்லை.

"அப்போ நல்ல மையமா கட்டிட்டா போதுமே?" போதாது. சென்னை ஒய்.ஆர்.ஜி கேர் நிறுவனமும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் இந்தியாவின் 22 நகரங்களில் ஒரு ஆய்வு செய்தன. சில நகரங்களில் பரிசோதனை, ஆலோசனை, தடுப்பு, சிகிச்சைக்கான இணைப்பு எல்லாம் ஒரே கூரையின் கீழ். 2019-ல் முடிவு வந்தது. மையத்துக்கு வந்தவர்களுக்குப் பலன் இருந்தது. ஆனால் நகரம் முழுக்க எடுத்துப் பார்த்தால் பரிசோதனை செய்தவர்களின் விகிதம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு உயரவில்லை. காரணம், போதுமான பேர் அந்த வாசலுக்கு வரவில்லை. கட்டிடம் நல்லா இருந்தா மட்டும் கூட்டம் வந்துடாது.

வெளிநாட்டுப் பணத்தை மட்டும் நம்பவும் முடியாது. 2021-ல் ஹைதராபாத்தில் திருநங்கைகளே நடத்தும் மித்ர் மருத்துவமனை தொடங்கியது. 2025 ஜனவரியில் அமெரிக்க நிதி நின்றதும் கதவை மூட வேண்டியதாயிற்று.

சரி, என்ன செய்யலாம்? என் கருத்து இது.

1. களப்பணியாளருக்கு மதிப்பூதியம் இல்லை, சம்பளம் கொடுங்க. இந்த வேலையை வேறு யாராலும் செய்ய முடியாது. அதே சமூகத்து இளைஞர்களைச் செயலிகளுக்குள்ளும் அனுப்புங்க.

2. மாலை 5 முதல் 9 வரை, ஞாயிறும் சேர்த்து, மையம் திறந்திருக்கட்டும். வீட்டிலேயே செய்யும் சுயபரிசோதனையை எளிதாகக் கிடைக்கச் செய்யுங்க.

3. சிகிச்சையில் நிலையாக இருப்பவருக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுங்க. கோவிட் காலத்தில் செய்து காட்டினோமே! எந்த ஊரில் பதிந்திருந்தாலும் வேறு ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதை முதல் நாளே சொல்லிடுங்க. எல்லையோர ஊர்க்காரர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

4. தொற்று வராமல் தடுக்கத் தினமும் சாப்பிடும் மாத்திரை இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே பரிந்துரைத்தது. நம்ம ஊரில் இன்னும் பெரும்பாலும் சொந்தக் காசில்தான். ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியான லெனகாபவிரையும் 2025 ஜூலையில் பரிந்துரைத்துவிட்டது. 2027 முதல் ஆண்டுக்கு சுமார் 40 டாலருக்குத் தருவோம்னு அறிவித்தவை இரண்டு இந்திய கம்பெனிகள். இங்கே செய்யும் மருந்து இங்குள்ளவர்களுக்கும் இலவசமாகக் கிடைக்கணும்.

"அவங்க பழக்கத்துக்கு நம்ம வரிப்பணமா?" என்று கமெண்ட் வரும், தெரியும். மேலே சொன்ன பையனுக்குக் கட்டி வைத்த பொண்ணு என்ன தப்பு செய்தாள்? நோய்த்தடுப்பில் 'அவங்க', 'நாம' என்று கோடு போட முடியாது.

கடைசியா உங்களுக்கு.

2017 சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி பரிசோதனை செய்யக்கூடாது. முடிவை ரகசியமாக வைக்கணும். தொற்றைக் காரணம் காட்டி வேலையோ சிகிச்சையோ மறுக்கவும் கூடாது.

பாதுகாப்பில்லாத உறவோ ஊசிக் காயமோ நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போங்க. 28 நாள் மாத்திரையால் தொற்றைத் தடுக்க வாய்ப்பிருக்கு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

கேட்கத் தயக்கமா? 1097-க்கு போன் பண்ணுங்க, இலவசம்.

பகிருங்க. உங்க நண்பர் பட்டியலில் யாருக்கோ இது தேவைப்படும், அவர் உங்களிடம் சொல்ல மாட்டார்.