இலைக்கு விலையா, சத்துக்கு விலையா?

தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் நடந்த நாட்களில், குளித்தெடுத்த சிப்பிகளைத் திறந்து பாராமலே ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் விடுவது வழக்கமாயிருந்தது. உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்பது ஏலம் எடுத்தவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு செய்த வியாபாரமே எனினும், இரு சாராரும் ஒரே விதமாகக் கண்ணைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1961-ஆம் ஆண்டுக்குப் பிறகு இக்கரையில் சலாபம் நடைபெறவில்லை. ஆனால் அதே ஊர்த் துறைமுகத்தின் வழியே இன்றும் அயல்நாடு செல்லும் ஒரு சரக்கில், வாங்குவோர் கண் நன்றாகத் திறந்திருக்கிறது. விற்கும் நம் கண் மட்டுமே கட்டப்பட்டிருக்கிறது. நாம் குறிப்பிடுவது அவுரி இலையை.

பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. நம் நெசவாளர் அங்கத்தினர்கள் அவுரி என்றால் நீலச்சாயம் தரும் செடியை நினைப்பார்கள். சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்து உழவர்கள் அவுரி என்பது வேறு செடியை. மருந்துக் கடைகளில் நிலாவாரை என்றும், ஏற்றுமதிப் பத்திரங்களில் சென்னா என்றும் வழங்குவது அது. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் இரண்டின் வரலாறும் ஒன்றுக்கொன்று பாடம் சொல்லக்கூடியவை. அதைப் பின்னர் கூறுவோம்.

நிலாவாரை நம் நாட்டுச் செடியன்று. அரேபியாவும் ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையும் அதன் தாயகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹியூஸ் என்னும் ஆங்கிலேய வணிகர் அதைத் திருநெல்வேலிச் சீமையில் பயிரிடச் செய்தார் என்பது மருந்துச் சரக்கு நூல்களில் காணும் செய்தி. வந்த செடி நம் மண்ணை விரும்பி ஏற்றுக்கொண்டது. மழை குறைவு, மண் மணற்பாங்கு, வெயிலோ கடுமை. வேறு பயிருக்குக் குறையாகத் தோன்றும் இவையெல்லாம் இதற்கு வாழ்வாயின. வேரில் நீர் தேங்கினால்தான் இதற்குச் சாவு. எகிப்து வழியாக வந்த இலைக்கு அலெக்ஸாண்டிரியாச் சென்னா என்றும், நம்முடையதற்குத் திருநெல்வேலிச் சென்னா என்றும் உலகச் சந்தையில் பெயர் நிலைத்தது. மருந்துக் கல்லூரி மாணவர்கள் இன்றும் நம் இலையை இனம் காண ஓர் அடையாளம் கற்கிறார்கள்: கட்டு கட்டாக அழுத்திச் சிப்பமாக்குவதால், ஓர் இலையின் நரம்பு மற்றோர் இலையின் மேல் பதிந்து கோடு விழுந்திருக்கும். நம் சிப்பம் கட்டும் தொழிலாளியின் கைவேலை பாடநூலில் ஏறியிருக்கிறது என்பதில் நமக்குப் பெருமையே. அந்த இலைக்குள் இருப்பதைப் பற்றி நமக்கு அவ்வளவு தெரியாது என்பதுதான் வருத்தம்.

உள்ளே இருப்பது என்ன? மலமிளக்கும் ஆற்றல் எந்தப் பொருளால் வருகிறது என்று நெடுங்காலம் தேடிய பின், 1941-ல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் ஸாண்டோஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆர்தர் ஸ்டால் என்பவரும் அவருடைய சகாக்களும் அப்பொருளைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்துச் சென்னோசைடு என்று பெயரிட்டார்கள். அது குடலின் மேற்பகுதியில் ஏறக்குறைய ஒன்றும் செய்யாமல் கடந்து போகிறது. பெருங்குடலை அடைந்ததும் அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதை உடைக்கின்றன. அவ்வாறு பிறக்கும் பொருளே குடலைத் தூண்டுகிறது. இரவில் உண்டால் காலையில் பலன் தெரிவதன் காரணம் இதுதான். உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சென்னா இடம் பெற்றிருக்கிறது. (கைக்கு எட்டுகிறதென்று நாள்தோறும் தின்பதற்குரிய இலையன்று இது. வாரக்கணக்கில் தொடர்வதும், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வைத்தியரைக் கேளாமல் உண்பதும் தவறு.)

உலர்த்தும் களத்தைப் பற்றிய உண்மை ஒன்று, நம் உழவர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. பறித்த பச்சை இலையில் சென்னோசைடு அதன் முழு வடிவில் மிகுதியாக இருப்பதில்லை. அதன் பாதி உருவங்களே பெரும்பாலும் இருக்கின்றன. மிதமான வெப்பத்தில் மெல்ல உலரும்போது அவை இரண்டிரண்டாக இணைந்து சென்னோசைடு ஆகின்றன. இலையிலுள்ள நொதிகள் செய்யும் வேலை இது. கடும் வெப்பத்தில் நொதி கெட்டால் வேலையும் கெடும். ஆகவே நிழற்களத்தில் பரப்பி, நாள்தோறும் கிளறி, ஒரு வாரம் பத்து நாள் பொறுத்து உலர்த்தும் பெண்மக்கள் இலையிலிருந்து நீரை மட்டும் நீக்குவதாக எண்ணிவிடக் கூடாது; மருந்தின் ஒரு பகுதி அவர்கள் கைக்கீழ்தான் உண்டாகிறது. அவசரப்பட்டுத் தார்ச்சாலையில் கொட்டி வெயிலில் காய்ச்சுகிறவர் எடையில் ஒன்றும் இழப்பதில்லை. எனவேதான் அவர் அதை விடுவதுமில்லை.

இங்கேதான் நம் வழக்கு தொடங்குகிறது. நன்கு உலர்த்திய இலையில் பொதுவாக 100-க்கு 2 முதல் 3 பங்கு வரை சென்னோசைடு இருக்கும். வாங்கும் ஆலைகள் இதைச் சோதித்து அறிகின்றன. அவை விற்கும் சாற்றுத்தூள் 20 சதவீதம், 40 சதவீதம், 60 சதவீதம் என்று சத்தின் அளவைக் குறித்தே விலை பேசப்படுகிறது. சாதாரண மாத்திரை ஒன்றில் 8.6 மில்லிகிராம் சென்னோசைடு இருப்பதாகக் கொள்வோம். 2.5 சதவீதம் உள்ள ஒரு கிலோ இலையில் 25 கிராம் சத்து. வடிப்பில் வீணாவதை விட்டுக் கணக்கிட்டால் சுமார் 2,900 மாத்திரைக்கு அது போதும். 2 சதவீதமே உள்ள இலையானால் சுமார் 2,300. இரண்டு கிலோவுக்கும் இடையே 600 மாத்திரையளவு வேறுபாடு இருக்கிறது. ஆனால் களத்து வாசலில் இரண்டையும் ஒரே தராசில் வைத்து, நிறத்தையும் பருமனையும் கண்ணால் பார்த்து, ஏறக்குறைய ஒரே விலை சொல்கிறார்கள். நாமும் வாங்கிக்கொள்கிறோம்.

நெசவாளர் அங்கத்தினர்களுக்கு இது விந்தையாகத் தோன்றக்கூடும். நாற்பதாம் நம்பர் நூலையும் அறுபதாம் நம்பர் நூலையும் ஒரே ராத்தல் என்பதற்காக ஒரே விலைக்கு எவரும் கேட்பதில்லை. ஒரு ராத்தலில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை என்ற எண்ணே நூலின் நம்பர். விலை அதைப் பின்பற்றுகிறது. பால் சங்கங்களும் அப்படியே. லிட்டரை அளந்ததோடு நிறுத்திக்கொள்ளாமல் கொழுப்பையும் மற்றச் சத்தையும் சோதித்துப் பணம் கொடுக்கும் முறை வந்த பிறகுதான், தண்ணீர் கலவாத பாலை ஊற்றியவருக்கு நியாயம் கிடைத்தது. நூலுக்கும் பாலுக்கும் உள்ள இந்த நியாயம் இலைக்கு மட்டும் ஏன் இல்லை?

நிற்க, சாயத்தின் கதைக்கு வருவோம். இக்கரை மணலில் தானே முளைக்கும் இம்பூறல் என்னும் சிறு செடியை வைத்தியர்கள் மருந்துக்கும், சாயக்காரர்கள் அதன் வேரைச் செந்நிறத்துக்கும் பயன்படுத்தினார்கள். சாயவேர் என்பது அதுவே. அவ்வேரின் சிவப்புக்குக் காரணமான அலிசரின் என்னும் பொருளை 1868-ல் ஜெர்மானிய இரசாயனிகள் கிரேபியும் லீபர்மானும் ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார்கள். சில ஆண்டுகளில் அது பீப்பாய்களில் வந்திறங்கியது. வேர் தோண்டும் தொழில் அழிந்தது. நீல அவுரிக்கு 1897-ல் அதே கதி நேர்ந்தது, அவ்வாண்டு பி.ஏ.எஸ்.எப். நிறுவனத்தின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அலிசரினும் நம் சென்னோசைடும் இரசாயனக் குலத்தில் நெருங்கிய உறவு என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

நிலாவாரைக்கு இதுவரை அந்தக் கதி நேரவில்லை. செடி செய்யும் விலைக்கு ஆலையில் அதைச் செய்ய இயலாததே காரணம். ஆனால் நம் தென் மாவட்டங்களில் பயிராகும் நித்தியகல்யாணியைப் பாருங்கள். அதன் இலையிலிருந்து கண்டறிந்த வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்னும் மருந்துகள் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் பலரைப் பிழைக்க வைத்தன. இலையில் அவை இருக்கும் அளவோ மிகமிக அற்பம். ஆகையால் வண்டி வண்டியாக இலை வேண்டியிருந்தது. 2022-ல் விஞ்ஞானிகள் ஈஸ்டு நுண்ணுயிரின் மரபணுக்களை மாற்றி, வின்பிளாஸ்டினின் மூலப்பொருள் இரண்டையும் கலத்திலேயே விளைவித்துவிட்டதாக அறிவித்தார்கள். அது நாளையே நம் வயலைத் தரிசாக்கிவிடும் என்று நாம் அச்சுறுத்தவில்லை. உள்ளே இருக்கும் பொருளை அறிந்தவனுக்கே பேரம் பேசும் வலிமை உண்டு என்பதற்கு இவை சான்றுகள். வயலில் போட்டியும் இல்லாமலில்லை. இராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் நிலாவாரை பரவிவிட்டது. தாமதமாகப் பூத்து மிகுதியாக இலை தரும் வகை ஒன்றைக் குஜராத்தின் ஆனந்தில் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நம் மாவட்டத்துக் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியும் கே.கே.எம். 1 என்ற வகையைத் தந்திருக்கிறது. விதை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

இனி, சில அங்கத்தினர்கள் முன்வைக்கும் வேறொரு யோசனையைப் பார்ப்போம். ஆலைக்கு விற்பதை விட்டு, இலையைச் சிறு பொட்டலமாகக் கட்டி, 'ஆண்டி-ஆக்ஸிடண்ட் நிறைந்த மூலிகைத் தேநீர்' என்று நாமே விற்றால் பன்மடங்கு லாபம் வரும் என்கிறார்கள். இந்த யோசனையை நாம் ஏற்கவில்லை. காரணங்களைச் சொல்லிவிடுகிறோம்.

பிராணவாயுவால் உடலின் அணுக்கள் சிதைவதைத் தடுக்கவல்ல பொருள்களுக்கு ஆண்டி-ஆக்ஸிடண்ட் என்று பெயர். அவை நிலாவாரையில் இல்லையென்று நாம் கூறவில்லை. கெம்ப்ஃபெரால் முதலிய பொருள்கள் அதில் உண்டு. நம் திருநெல்வேலியின் பெயராலேயே டின்னவெல்லின் என்று அழைக்கப்படும் ஒரு பொருளும் உண்டு; நம் இலையை அலெக்ஸாண்டிரியா இலையிலிருந்து பிரித்தறியச் சோதனைச் சாலையில் அது உதவுகிறது. ஆனால் ஒரு மூலிகை ஆண்டி-ஆக்ஸிடண்ட் என்று பெரும்பாலும் எவ்விதம் முடிவு கட்டுகிறார்கள்? 1958-ல் பிளாய்ஸ் என்பவர் வகுத்த முறைப்படி, டி.பி.பி.எச். என்ற ஊதா நிறக் கரைசலில் மூலிகைச் சாற்றை விட்டு, ஊதா எவ்வளவு வெளுக்கிறது என்று அளக்கிறார்கள். சாயம் வெளுப்பதைப் பற்றி நம் நெசவாளருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. குழாயில் வெளுத்தது என்பதால் உடலில் நோய் தீரும் என்று ஆகிவிடாது. முருங்கைக்கீரையும் நெல்லிக்காயும் தேயிலையும்கூடத்தான் வெளுக்க வைக்கும். பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடத்திய பெருஞ்சோதனையின் முடிவு 1994-ல் வெளியாயிற்று. பீட்டா கரோட்டின் என்னும் பெயர்பெற்ற ஆண்டி-ஆக்ஸிடண்டை மாத்திரையாக உண்டவர்களிடையே நுரையீரல் புற்று குறையவில்லை. உண்ணாதவர்களைவிட 18 சதவீதம் கூடியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் சென்னா கலந்த உணவுப் பொருள்களைத் தனிக் கண்காணிப்பின்கீழ்க் கொண்டுவந்தது. நோய்களின் பட்டியலைப் போட்டுத் தீர்த்துவைப்பதாக விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. கடுமையான மலமிளக்கி ஒன்றை நாள்தோறும் குடிக்கும் தேநீர் என்று விற்பது, சட்டம் ஒருபுறமிருக்க, கூட்டுறவாளருக்குத் தகாது. மருந்தாகவே விற்க வேண்டுமெனில் அதற்கும் முன்மாதிரி உண்டு. 1944-ல் சென்னையில் நாட்டு வைத்தியர்கள் கூடி அமைத்த இம்ப்காப்ஸ் கூட்டுறவு நிலையம், முறைப்படி மருந்து செய்து விற்று வருகிறது. அது நீண்ட வழி. அதற்குரிய மருந்தாளுநரும் உரிமமும் வேண்டும். முதலில் செய்ய வேண்டியது அதுவன்று.

முதலில் செய்ய வேண்டியது, நம் இலையில் என்ன இருக்கிறதென்று நாமே அறிவது. சங்கத்துக்கு வரும் இலையை வயல்வாரியாகவும் பறிப்புவாரியாகவும் தனித்தனியே வைத்து, ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து, அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டும். இலையைக் கொண்டுவரும் அன்றே எடைக்கு ஒரு முன்பணம். முடிவு வந்தபின் சத்துக்கேற்ற பாக்கி. இதுவே நாம் முன்வைக்கும் திட்டம்.

செலவு ஆகும் என்று ஆட்சேபிப்பார்கள். ஆகும். ஓர் உழவர் தம் மூன்று மூட்டைக்குச் சோதனை செய்வது வீண் செலவுதான். நூறு பேர் இலை ஒரு தொகுதியாகும்போது அச்செலவு ஒவ்வொருவர் தலையிலும் சிறு தொகையாகவே விழும். இதற்காகத்தான் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. முன்பணம் கொடுத்த வியாபாரியை விட்டுச் சங்கத்துக்கு எப்படி இலை கொடுப்பது என்ற ஆட்சேபமே வலுவானது. விதைப்புக் காலத்தில் கைகொடுப்பவர் அந்த வியாபாரிதான். அதை நாம் மறுக்கவில்லை. அக்கடனைச் சங்கம் ஏற்காதவரை இத்திட்டம் காகிதத்தில்தான் இருக்கும். ஆதலால் பயிர்க்கடனையும் இலைக் கொள்முதலையும் ஒரே தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்கிறோம்.

நம்மவர் குறையையும் மறைப்பதற்கில்லை. காம்பும் மண்ணும் கலப்பது, மூட்டை கட்டுமுன் நீர் தெளித்து எடை கூட்டுவது, பனியில் நனைந்து கறுத்த இலையை நடுவில் வைத்துக் கட்டுவது இவையெல்லாம் நடக்கின்றன. தனி உழவர் தனி வியாபாரிக்கு விற்கும்வரை இது அவர்கள் இருவருக்கும் உள்ள விளையாட்டு. தொகுதியாகச் சேரும்போதோ ஒரு மூட்டையின் பூசணம் தொண்ணூற்றொன்பது பேர் விலையைக் குறைக்கும். எனவே மாதிரி எடுக்கும் ஊசிக்கோல் ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என மூன்று இடங்களில் பாய வேண்டும்; எடுத்த மாதிரி மூன்று பங்காக்கி முத்திரையிடப்பட்டு, ஒன்று சோதனைக்கும், ஒன்று சங்கத்திலும், ஒன்று கொடுத்தவர் கையிலும் இருக்க வேண்டும். வரும் பொதுக்குழுவில் இதற்கான துணைவிதியைக் கொண்டுவருமாறு நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைப்பவர்களுக்கு முதற்பறிப்புக்குள் விடை தெரிந்தாக வேண்டும்.