வாட்டர்ப்ரூஃப் ஜெர்கின் ரெண்டே வருஷத்துல நனையுதா? தப்பு யார் மேல?

வாங்கின புதுசுல தண்ணி முத்து முத்தாக உருண்டோடியது. ரெண்டாவது சீசனில் தோள்பட்டைத் துணி அப்படியே ஊறி நிற்கிறது. 'இவ்ளோ விலை கொடுத்தும் ஏமாந்துட்டோமே!' என்று தோன்றும். ஹிமாலயா டிரெக்கிங்குக்காக ஜாக்கெட் வாங்கிய பலரும் சொல்லும் புகார்தான் இது.

ஹார்ட்ஷெல் என்பது வெளித்துணி, நடுவில் மெல்லிய படலம், உள்ளே லைனிங் என அடுக்கடுக்கானது. மழையைத் தடுப்பது அந்தப் படலம். 1969-ல் பாப் கோர் டெஃப்லானைச் சட்டென்று இழுத்துக் கண்டுபிடித்த சமாசாரம்தான், 1976-ல் கோர்-டெக்ஸ் ஜாக்கெட்டாகக் கடைக்கு வந்தது. முத்து முத்தாக உருள வைப்பது வேறு... வெளித்துணியில் பூசிய ரசாயனப் பூச்சு. அது போனால் துணி ஊறும். படலம் அப்போதும் மழையை உள்ளே விடாது. ஆனால், வியர்வை ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தண்ணீராகும். பல நேரம் நாம் நனைவது மழையில் அல்ல, நம் சொந்த வியர்வையில்!

அந்தப் பூச்சுதான் இப்போது சட்டத்தில் சிக்கியிருக்கிறது. பல வருடங்களாக அதில் இருந்தது பி.எஃப்.ஏ.எஸ் எனும் ஃப்ளோரின் ரசாயனங்கள். மண்ணிலும் தண்ணீரிலும் எளிதில் சிதையாது. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.ஏ மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023-ல் வகைப்படுத்தியது. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் 2025 ஜனவரி முதல் துணிகளில் இவற்றுக்குத் தடை போட்டன. பிரான்ஸின் தடை 2026 ஜனவரியிலிருந்து. டென்மார்க்குக்கு 2026 ஜூலை.

கலிஃபோர்னியா சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. கடும் மழைக்கான ஜாக்கெட்டுகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம். 'இதில் பி.எஃப்.ஏ.எஸ் இருக்கிறது' என்று லேபிள் ஒட்டி விற்கலாம். மாற்றுப் பூச்சு பழையதுக்குச் சமம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா என்ன?

வித்தியாசம் எண்ணெயில் இருக்கிறது. ஃப்ளோரின் பூச்சு தண்ணீரோடு எண்ணெயையும் விரட்டும். புதிய பூச்சுகள் தண்ணீரை மட்டுமே விரட்டும். கழுத்து வியர்வை, சன்ஸ்கிரீன், தலையில் தேய்த்த எண்ணெய் எல்லாம் துணியில் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் தண்ணீர் ஊறும். 'பி.எஃப்.ஏ.எஸ் ஃப்ரீ' என்று பெருமையாகத் தொங்கவிடும் கம்பெனிகள், 'இதை அடிக்கடி துவைக்கணும்' என்பதை மட்டும் உள்பக்கத் துணுக்கு லேபிளில் பொடி எழுத்தில் போடுவது என்ன நியாயம்? நல்ல ஜாக்கெட்டை ரெண்டே வருஷத்தில் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கினால், தடையால் கிடைத்த லாபத்தில் பாதி குப்பைக்குத்தானே போகும்?

துவைத்தால் வாட்டர்ப்ரூஃப் போய்விடும் என்ற பயம் நம் ஊரில் அதிகம். உண்மையில் அழுக்குதான் ஜாக்கெட்டைக் கொல்கிறது. லேபிளைப் பார்த்து, மைல்டான லிக்விடில் துவைத்து, சோப்பு போக ரெண்டு தரம் அலசுங்கள். கம்ஃபர்ட் மாதிரி சாஃப்ட்னர் வேண்டவே வேண்டாம். காய்ந்த பிறகு, லேபிள் அனுமதித்தால், மேலே ஒரு துணி விரித்து, ஆவியில்லாமல் இளஞ்சூட்டில் அயர்ன் பண்ணுங்கள். அந்தச் சூட்டில் பூச்சு ஓரளவு மீண்டும் உயிர்பெறும். அப்படியும் உருளவில்லையா? ஸ்ப்ரே வாங்கிப் புதிதாக அடிக்க வேண்டியதுதான்.

சாஃப்ட்ஷெல்லின் கதை வேறு. பெரும்பாலானவற்றில் படலம் இல்லை, தையலுக்கு டேப்பும் இல்லை. பூச்சு போனால் தூறல்கூட நேரே உள்ளே வரும். ஆனால், உரிந்து போக எதுவும் இல்லாததால் பல வருஷம் உழைக்கும், சீக்கிரம் காயும்.

உரிவது என்றதும் ஞாபகம் வருகிறது. என் முதல் ரெயின் ஜாக்கெட்டை மடித்து பீரோவில் வைத்திருந்தேன். மூணு வருஷம் கழித்து எடுத்தால் உள்பக்கம் பிசுபிசுவென்று கையோடு வந்தது. விலை குறைந்த ஜாக்கெட்டுகளில் அதிகம் இருக்கும் பாலியூரித்தேன் பூச்சு, சூட்டிலும் ஈரப்பதத்திலும் மெல்ல மெல்லச் சிதையும். சென்னையில் ரெண்டுக்கும் பஞ்சமில்லை. இதற்கு ஸ்ப்ரேயும் உதவாது, அயர்னும் உதவாது.

மலைப்பாதையில் நாள் முழுக்க மழை என்றால் ஹார்ட்ஷெல்தான், வேறு வழியில்லை. ஊட்டிக் குளிருக்கும் பைக் காற்றுக்கும் என்றால் என் ஓட்டு சாஃப்ட்ஷெல்லுக்கு. எதுவானாலும் மடித்து அமுக்கி வைக்காமல், காற்றோட்டமாக ஹேங்கரில் மாட்டுங்கள்.