அக்காவின் வலது கண்

கண்புரைச் சத்திரசிகிச்சை முகாம்கள் பற்றி எனது பத்திரிகை வாழ்க்கையில் எத்தனையோ செய்திகளை எழுதியிருக்கிறேன். ‘200 பேருக்குச் சத்திரசிகிச்சை’ என்று தலைப்பிடுவோம், அமைச்சரின் படத்தையும் போடுவோம். அந்த 200 பேரில் எத்தனை பேருக்கு ஆறு மாதங்களின் பின்னர் பார்வை தெளிவாக இருந்தது என்று ஒரு தடவையேனும் நான் விசாரித்ததில்லை.

எனது அக்காவுக்கு யுவியைற்றிஸ் எனப்படும் உட்கண் அழற்சி நெடுங்காலமாக உண்டு. அழற்சியும் புரையை உண்டாக்கும்; அதனை அடக்கும் ஸ்ரெரோயிட் மருந்தும் புரையை உண்டாக்கும். மருந்தை விட்டாலோ கண்ணே போய்விடலாம். வலது கண்ணில் புரை முற்றியபோது வைத்திய நிபுணர் உடனே சத்திரசிகிச்சை செய்ய மறுத்தார். கண் குறைந்தது மூன்று மாதங்களாவது அழற்சியின்றி இருக்கவேண்டுமாம். “பக்கத்து வீட்டுக்காரருக்கு அரை மணித்தியாலத்தில் முடிந்ததே!” என்று அக்கா அழுதார். நானும் சேர்ந்து கோபப்பட்டேன். ஒரு தனியார் வைத்தியசாலையில் விசாரித்தபோது அடுத்த வாரமே செய்யலாம் என்றார்கள். பழைய நோய் பற்றி அங்கு எவரும் கேட்கவில்லை.

நல்லவேளையாக, வைத்தியரான நண்பரொருவர் தடுத்தார். அழற்சி அடங்காத கண்ணில் கைவைத்தால் அது மேலும் மூண்டு, விழித்திரையின் மையம் வீங்கலாம்; கண்ணின் அழுத்தம் ஏறலாம்; கதிராளி வில்லையுடன் ஒட்டிக்கொள்ளலாம் என்று விளக்கினார். யுவியைற்றிஸும் ஒரே வகையானதன்று. ஃபூக்ஸ் வகையினருக்குப் பெரும்பாலும் நல்ல பலன் கிடைக்கிறது. பெஹ்செட் நோயில் விழித்திரையும் பார்வை நரம்பும் ஏற்கெனவே பழுதடைந்திருந்தால், எவ்வளவு திறமையாகப் புரையை அகற்றினாலும் பார்வை மீளாது. மூட்டுவாதத்தோடு இந்நோயுள்ள சிறுவர்களுக்குச் செயற்கை வில்லை பொருத்தவே நிபுணர்கள் நெடுங்காலம் தயங்கினர்.

எலிக்காய்ச்சலுக்கும் இதில் பங்குண்டு. 1993 வெள்ளத்தின் பின் மதுரைப் பகுதியில் அக்காய்ச்சல் பரவியபோது, அதனைத் தொடர்ந்து பலருக்குக் கண் அழற்சி ஏற்பட்டதை அங்குள்ள வைத்தியர்கள் பதிவு செய்தார்கள். எங்கள் வயல்களில் சேற்றில் இறங்குவோருக்கும் அக்காய்ச்சல் புதிதன்று. முகாமுக்கு வரும் விவசாயியிடம் ‘முன்னர் கண் சிவந்து, வெளிச்சம் கூசியதா?’ என்று கேட்க எவ்வளவு நேரம் செல்லும்? பலன் எப்படியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். எங்கள் வைத்தியர்கள் பேசுவதில் மகா சிக்கனக்காரர்கள்.

அக்காவுக்கு நான்கு மாதங்கள் கழித்துச் சத்திரசிகிச்சை நடந்தது. முன்னும் பின்னும் ஸ்ரெரோயிட் குளிசைகள் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பார்வை அவருக்கு வரவில்லை. ஆயினும் மரண அறிவித்தல் பக்கத்தை இப்போது கண்ணாடி போட்டுத் தானே வாசிக்கிறார்.