சிவில் கோர்ட்டிலும் நாம் நிற்க வேண்டும்

வன்கொடுமை வழக்கு என்றால் திரண்டு நிற்கிறோம். நிலத் தகராறு, பாகப்பிரிவினை, ஜீவனாம்சம் என்றால் வக்கீல் பீசுக்குப் பயந்து ஒதுங்கிவிடுகிறோம். சம்மன் வந்தும் போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகி, இருக்கும் காணியும் கைவிட்டுப் போகலாம்.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12ஆவது பிரிவின்படி, பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பில்லாமல் இலவச வக்கீல் உண்டு. சிவில், குடும்ப வழக்குகளுக்கும் இது பொருந்தும். அகரம் மக்கள் திண்டுக்கல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். 15100 எண்ணிலும் கேட்கலாம்.

மாணவர்களுக்கு ஒன்று. திருப்பத்தூரில் வக்கீல் தொழிலைத் தொடங்கிய ஏ. வரதராஜன், மாவட்ட நீதிபதியாகி, 1980இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியானார். சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் கீழ்க்கோர்ட்டைச் சிறிதாக நினைக்க வேண்டாம். நம் வீடும் நிலமும் அங்கேதான் தீர்மானமாகின்றன.