கையெழுத்தோடு நின்றுவிடலாமா?

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வங்கிப் படிவத்தையோ பாஸ்போர்ட் விண்ணப்பத்தையோ எடுத்துக்கொண்டு ஆலிம்களைத் தேடி வரும் சகோதரர்கள் எல்லா மஹல்லாவிலும் உண்டு. பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். ஆட்டோ ஓட்டுபவர், சுமை தூக்குபவர், கடையில் வேலை செய்பவர். பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள். “மீதியை நீங்களே எழுதிடுங்க ஹஜ்ரத்” என்பார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் எழுத்தறிவு சுமார் 86 சதவீதம். ஆண்கள் 91, பெண்கள் 81. ஏதேனும் ஒரு மொழியில் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்தால் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடலாம். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள் எத்தனை பேர் என்பதை இந்த எண் சொல்லாது.

அந்தச் சான்றிதழ் இல்லாததன் விலையை வளைகுடா செல்பவர்கள் அறிவார்கள். பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ‘ஈசிஆர்’ வகையில் வரும். சவூதி, குவைத் போன்ற நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அவர் குடிபெயர்வு அனுமதி பெற்றாக வேண்டும். தேறியவருக்கு அது தேவையில்லை.

உழைப்பவருக்குப் படிக்க முதலில் நேரம் வேண்டும். அந்த நேரத்துக்காக உயிர் கொடுத்த ஊர் இது. 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக் காவல்துறை சுட்டதில் 12 பேர் மாண்டனர். மறு ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானது. பின்னர் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத் தொண்டர்கள் மாலை நேரங்களில் ஊதியம் வாங்காமல் பெரியவர்களுக்கு எழுத்துக் கற்றுத் தந்தார்கள். ஆனால் எழுத்தோடு நின்றவர்கள் ஏராளம். ஏஎஃப்டி ஆலை 2020இல் மூடப்பட்டபோது, கைத்தொழில் தெரிந்தும் கையில் பள்ளிச் சான்றிதழ் இல்லாதவருக்கு அடுத்த வேலை எளிதாகவா கிடைத்திருக்கும்?

ஏணி இல்லாமல் இல்லை. எழுத்தே தெரியாத 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2022 முதல் உல்லாஸ் திட்டம் இருக்கிறது. அதற்கு மேல், தேசிய திறந்தநிலைப் பள்ளி (என்ஐஓஎஸ்) 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையான படிப்புகளையும், பிறகு 10, +2 வகுப்புகளையும் நடத்துகிறது. உச்ச வயது வரம்பு கிடையாது. பத்தாம் வகுப்பைத் தமிழிலேயே எழுதலாம். ஐந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொரு பாடமாகவும் தேறலாம். அதற்கும் மேலே, 1985இல் தொடங்கிய இக்னோவும் அதே ஆண்டில் காலாப்பட்டில் அமைந்த புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் தொலைநிலைக் கல்வி தருகின்றன.

ஒரு எச்சரிக்கை. “பள்ளிப் படிப்பே வேண்டாம், நேராகப் பட்டம்” என்று யாராவது ஆசை காட்டினால் பணம் கட்டாதீர்கள். 10, +2 தேறாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கும் பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது என்று தமிழ்நாடு அரசு 2009இலேயே ஆணையிட்டது. மதரஸாவில் ஓதியபின் கலைப் பட்டமும் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: படிகளை ஒவ்வொன்றாக ஏறுவதே பிற்பாடு கைகொடுக்கும்.

அப்படியானால் தடை எது? நேரமின்மையும் கூச்சமும்தான். மகனுக்கு முன்னால் பாடப்புத்தகத்தைத் திறக்கக் கூசும் தகப்பன், தன்னைப் போன்ற பத்துப் பேர் கூட இருந்தால் திறப்பார். முல்லா வீதி முதல் சுல்தான்பேட்டை வரை நம் பள்ளிவாசல்களில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஒரு மணி நேரம் கிடைக்கிறது. பெண்களுக்கு லுஹருக்குப் பின் ஒரு வீட்டுக் கூடம் போதும். சொல்லித்தர மஹல்லாவின் பட்டதாரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தேர்வுக் கட்டணத்தை ஜமாஅத் ஏற்கலாம்.

இது புதுமையல்ல. மஸ்ஜிதுந் நபவியின் திண்ணைத் தோழர்களும் வீடு வாசல் இல்லாத ஏழைகள்தாம், வயது வந்தவர்கள்தாம். அவர்களுக்குக் குர்ஆனோடு எழுத்தையும் கற்பித்தவர் உபாதா இப்னு ஸாமித் (ரலி). அடுத்த ஜும்ஆவுக்குப் படிவத்தோடு வரும் சகோதரருக்கு அதை நிரப்பிக் கொடுப்போம். கூடவே, “மாலையில் வகுப்புக்கு வாங்க” என்றும் சொல்வோம்.